ஸ்டெப்னியின் கடைசிப் பின்சீட்டு

என் அண்ணன் ஜீப் ஓட்டினான். வாரம் ஒருமுறை ஊரைக் கிண்டல் செய்து பத்திரிகையில் எழுதினான். முதல் வேலை கேரள மலையில் எங்கள் பீர்மேட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வேலை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஒருவர் நடத்துகிற எட்டுப் பக்கத் தமிழ் வாரப் பத்திரிகை அது. ஆசிரியரும் அவர்தான், டைப் அடிப்பவரும் அவர்தான், பத்திரிகைக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுபவரும் அவர்தான். கேரளத்தில் இருக்கிற தமிழர்கள் வாங்குவார்கள். கடைசிப் பக்கத்தில் ‘பின்சீட்டு’ என்று ஒரு பகுதி வரும். எழுதுகிறவர் பெயர் ‘ஸ்டெப்னி’. நிறையப் பேர் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். அந்த ஸ்டெப்னிதான் என் அண்ணன்.

இந்தக் கிறுக்கு அவனுக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரர் மூன்று நாள் அவன் ஜீப்பில் சுற்றினார். லண்டன் பேப்பர் ஒன்றில் நாற்பது வருடம் வியாழன்தோறும் மந்திரிகளையும் பாதிரியார்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கேலி செய்து எழுதியே காலத்தை ஓட்டியவராம். வேறு வேலையே பார்த்ததில்லையாம். அண்ணனால் நம்ப முடியவில்லை. டூரிஸ்டுகளிடம் பேசிப் பழகிய இங்கிலீஷில் கிளறிக் கிளறிக் கேட்டிருக்கிறான். நீங்கள் எழுதி யாராவது திருந்தினார்களா? ஒருவரும் இல்லை. யாராவது அடித்தார்களா? ஒருத்தர் தபாலில் நாய்ப் பீ அனுப்பினார். அப்புறம் எதற்குத்தான் எழுதினீர்கள்? வியாழக்கிழமை வந்துகொண்டே இருந்ததே, நான் என்ன செய்ய என்றாராம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து அவரை அப்படியே நடித்துக் காட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவதையும் சேர்த்து. அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்று சிரித்தாள்.

“நாப்பது வருசம் வாயடிச்சே பொழச்சிருக்காரும்மா. நான் இங்க சும்மால்லா அடிச்சிக்கிட்டு கெடக்கேன்.”

அடுத்த மாதம் கொல்லங்கோட்டுக்குக் கிளம்பிவிட்டான். குமுளியில் இறங்கி, தேனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டை ஒரு சுற்று சுற்றிப் போனான். கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் இவனைப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்.

“கேரளாவுல இருந்து சார்.”

“எங்க போற?”

“கேரளாவுக்கு.”

“குடிச்சிருக்கியாடா?”

பையைத் திறந்தால் ஆசிரியருக்குக் கொண்டுபோன ஏலக்காய். இது எந்த ஊர் ஏலக்காய் என்று கேட்டார். “அதுவும் கேரளாதான் சார். ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கு” என்றிருக்கிறான். ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பஸ் போய்விட்டது. கொல்லங்கோட்டுக்குப் போனதும் அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே டைப் அடித்திருக்கிறார். அதுதான் முதல் பின்சீட்டு.

எழுதினான் என்று சொல்கிறேனே தவிர, அவன் பேனாவைத் தொட்டதில்லை. அண்ணன் தங்கை இருவரும் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அவன் எட்டாவது வரை, நான் ஒன்பதாவது வரை. தமிழ் வாசிப்போம். எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். அதனால் ஜீப் ஸ்டாண்டில் தன் முறை வரும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்குப் பேசி அனுப்புவான். சும்மா பேச மாட்டான். பஞ்சாயத்து மெம்பர் வந்தால் மெம்பர் குரல், எஸ்டேட் மேனேஜர் வந்தால் மேனேஜர் குரல். வெளியே மழை பெய்யும். உள்ளே இவன் கையை ஆட்டி, தலையை ஆட்டி, தானே சிரித்துக்கொள்வான்.

ஸ்டாண்டில் இருந்தவர்கள், இவனுக்கு எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது அம்மா காதுக்கு வந்தது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, “யாரா வேணா இருக்கட்டும். நம்ம மாதா கோயில்காரியா, மத்த சபைக்காரியா, அத மட்டும் கேட்டுச் சொல்லு” என்றாள். அவனிடம் போய்ச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஆசிரியரின் போட்டோவைப் போனில் காட்டினான். வழுக்கைத் தலை, பெரிய மீசை.

“இவதான்னு அம்மாட்ட காட்டவா பிள்ள?”

அன்றிலிருந்து எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அவன் எழுதியதில் சிலது எனக்கு மனப்பாடம். எஸ்டேட்டின் ஒழுகுகிற லயத்து வரிசை வீடுகளைப் பார்க்க ஒரு ஆபீசர் வந்த கதை. மரியாதைக்காரர், வாசலில் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார், உள்ளே வந்ததும் விரித்துக்கொண்டார். வரப்போகிற ரோட்டுக்கு நன்றி சொல்லிக் கட்டிய ஃபிளெக்ஸ் காற்றில் கிழிந்து விழுந்து, ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையான கதை. ரோடு பசுவுக்கு மட்டும் வந்து சேர்ந்தது என்று முடித்திருந்தான். தேயிலை நிறுக்கிற இடத்தில் பெண்கள் இதையெல்லாம் சத்தமாகப் படித்துச் சிரிப்பார்கள். இந்த ஸ்டெப்னி யாராக இருக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். வாத்தியாராகத்தான் இருக்கும், இவ்வளவு படித்தவன் நம் ஊரில் வேறு யார் என்பாள் ஒருத்தி. நான் கொழுந்தில் காம்பு பொறுக்கிக்கொண்டு குனிந்துகொள்வேன்.

அவன் கையில் அடிக்கடி மாட்டுகிறவர் கோயில் கமிட்டிக்காரர். எங்கள் லயத்துக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர். ஆம்புலன்ஸ், பெட்டி, குழி, எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு மணி நேரத்தில் ரோட்டோரம் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்துவிடும். மூலையில் அவர் போட்டோவும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக அடக்கத்தைப் போனில் லைவாகக் காட்டுவதும் அவர்தான். செத்தவரை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் நன்றாக இருப்பார் என்று இவருக்குத் தெரியும், செத்தவருக்குத் தெரியாது என்று ஸ்டெப்னி எழுதியிருந்தான். இன்னொரு முறை, செத்தவரின் படத்தைவிட மாமாவின் படம் சிரித்த முகமாக இருப்பதால் யாருக்கு அஞ்சலி என்று வெளியூர்க்காரர்கள் குழம்புகிறார்கள் என்று எழுதினான்.

போன மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் ஜீப் ஓட்டினான். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள், கோட்டயத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கொண்டுவந்ததும் மாமாதான், முன்சீட்டில் ஏறிக்கொண்டதும் மாமாதான். பின்னால் நானும் அண்ணனும். வளைவுக்கு வளைவு அவன் தலை என் மடியில் உருண்டது.

“ஏ பிள்ள.”

“பேசாத ணே.”

“ஊரெல்லாம் ஆனை வருது புலி வருதுன்னு கெடக்கு. என்னைய ஒரு எலி தூக்கிட்டுப் போகுது பாரு.”

சிரிக்கச் சொல்லிக் கையை அழுத்தினான். நான் சிரிக்கவில்லை. அவன் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போய்விட்டான். முப்பத்தி நான்கு வயது.

பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த அம்மாவும் நானும் உடலோடு திரும்பி வரும்போது, ஸ்டாண்டுக்குப் பக்கத்து வளைவில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு ஜீப் பானெட்டில் சாய்ந்திருக்கிற அண்ணன். அது அவன் ஃபேஸ்புக் போட்டோ. பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் நின்றிருந்தாள், அவளை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவள் கை மட்டும் அவன் தோளில் இருந்தது. மூலையில் மாமா. வெள்ளைச் சட்டை, சிரித்த முகம்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அம்மா என்னை அடித்தாள். வீட்டுக்கு வந்த பெண்கள், அண்ணன்மேல் உயிராக இருந்தவள், மூளை பிசகிவிட்டது என்று தலையில் எண்ணெய் வைத்தார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல? இதை அவன் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம் என்றிருப்பான் என்றா?

அடக்கத்தன்று குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, வாளியால் இறைத்தார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வேறு யாரும் இறங்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போனால் கொழுந்து எடுக்கிற நிரை மாறிப் போய் நிற்பேன். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். ஸ்டாண்டில் ஜீப் ஹாரன் கேட்டால் எழுந்துவிடுவேன். அம்மா, “உக்காருட்டி, காலு தேயப் போகுது” என்பாள். 

இருபது நாள் கழித்துக் கொல்லங்கோட்டிலிருந்து ஆசிரியர் போன் செய்தார்.

“ஏனுங்க அம்மிணி, சாப்பிட்டீங்களா? அம்மா எப்படி இருக்காங்கொ?”

இருக்கிறோம் என்றேன். 

“நாப்பத்தோராம் நாளுக்கு வர்ற இதழ்ல தம்பியோட போட்டோ போட்டு, இவருதானுங்க ஸ்டெப்னின்னு ஊருக்குச் சொல்லிப்போடலாமுன்னு இருக்கறேன். கடைசியா ஏதாவது பேசி வெச்சிருப்பாருங்களா? அனுப்பாம?”

அண்ணன் போன் என்னிடம்தான் இருந்தது. தேடினேன். காய்ச்சல் வந்த முதல் நாள் பேசியது ஒன்று இருந்தது. ஒன்பது நிமிடம். குரல் கரகரத்திருந்தது. நடுவில் தண்ணீர் குடிக்கிறான், இருமுகிறான், மறுபடி பேசுகிறான். முழுக்க மாமாவைப் பற்றியது. அடக்கத்தை லைவாகக் காட்டுகிற மாமா. மாமாவின் குரலிலேயே, “பெட்டிய கொஞ்சம் சாச்சுப் பிடிங்க, அமெரிக்காவுல இருந்து முகம் தெரியலங்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டு போகிறான். அழுதுகொண்டே கேட்ட நான் பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாவது நிமிடத்தில் ஒரு வரி வருகிறது. மாமாவின் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அவர்களுடைய ஒரே மகன் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்கவில்லை. மாமா ஒரு கையால் மண் போட்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்து அவனுக்குக் காட்டினார். பெட்டியை இறக்குகிற நேரத்தில் டவர் போய்விட்டது. மகன் பார்த்தது போன் திரையில் சுற்றுகிற வட்டத்தை மட்டும்தான். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்த வட்டத்தை வைத்து அண்ணன் ஒரு வரி சொல்லியிருந்தான். அதை இங்கே எழுத மாட்டேன். அவன் இவ்வளவு காலம் சொன்னதிலேயே சிறந்த வரி அதுதான். கேட்டவுடன் சிரிப்பு வரும். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொள்வோம்.

அந்த இதழ் வருகிற வாரம் புதன்கிழமை மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அதற்குமேல் தாமதித்தால் பக்கம் மூடிவிடும். நான் திங்கள் முழுக்க நடந்தேன். குழியில் இறங்கித் தண்ணீர் இறைத்த மனிதரை, அதே அண்ணன் பெயரில், அதுவும் இந்த முறை முகம் காட்டி எப்படிக் குத்துவது? அனுப்பாமல் விட்டால் அண்ணனின் கடைசிப் பேச்சு என் பையிலேயே செத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமாவே வீட்டுக்கு வந்தார். நாற்பத்தோராம் நாள் பூசைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று அம்மாவிடம் பேசினார். அம்மா காப்பி போட உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

“ஏ பிள்ள, ஸ்டெப்னி கடைசியா எதுவும் வச்சிட்டுப் போயிருக்கானா?”

மடியில் இருந்த போனைக் கையால் மூடினேன்.

“உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“எந்தக் காலத்துலயோ தெரியும். என் கடைக்குள்ள நான் பேசின பேச்சு பேப்பர்ல வருது. அன்னைக்குக் கடையில இருந்தது நானும் அவனும் ஒரு பூனையும். பூனை எழுதுமா?”

“பிறகு ஏன் சண்டைக்கு வரல?”

“எதுக்கு? ஒரு மாசம் எழுதலன்னா ஜீப்புல ஏறி, வேணும்னே ஏதாவது பேசிட்டு இறங்குவேன்லா. அந்தப் பய காது கொடுத்துக் கேப்பான். எழுதினப்புறம் கடைக்கு ஆளு வருவாங்க, என் மூஞ்சிய பாக்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “என்னையப் பத்தித்தானே? போடு, கேப்போம்.”

போட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது அண்ணன் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. போட்டேன். மாமா தன் குரலை அண்ணன் வாயில் கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். “அயோக்கியப் பய, அப்படியேல்லா பேசுதான்” என்று தொடையைத் தட்டினார். ஏழாவது நிமிடம் வருவது எனக்குத் தெரியும். போனை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். ஆனால் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வரி வந்தது. மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, இறங்க மறந்ததுபோல. பதிவு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கி, கொதிக்கக் கொதிக்கக் குடித்தார்.

எழுந்து வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினார்.

“எல்லாம் போடட்டும். அது ஒண்ணு மட்டும் வேணாம் பிள்ள. அந்தப் பேப்பர் போன்ல போகும்லா. என் மவன் படிப்பான்.”

“அண்ணன் ஒரு வார்த்தகூட வெட்ட விட்டதில்ல மாமா.”

“தெரியும். கேட்டேன், அவ்வளவுதான். நீ பாத்துக்கோ.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. இரண்டு வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வண்டிப்பெரியாறு பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. எட்டுப் பேர். இரண்டு தட்டு முறுக்கும் ஒரு சீப்புப் பழமும் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். அண்ணன் அதை எழுதினான். பெயர் இல்லை, ஆனால் எங்கள் லயத்தில் யாருக்குத் தெரியாது? முறுக்கு வரை எனக்கும் சிரிப்புத்தான். கடைசியில், பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுததைப் பற்றி ஒரு வரி. அனுப்புவதற்கு முன் எனக்குப் போட்டுக் காட்டினான். அதை மட்டும் எடுத்துவிடு என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

“நல்ல வரி பிள்ள. அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?”

வந்தது. நிறுக்கிற இடத்தில் என் காதுபடப் படித்தார்கள். அந்தக் குடும்பமும் படித்தது, சொல்லி அனுப்பவில்லை. மூன்று மாதம் நான் அவனோடு பேசவில்லை. பிறகு அம்மாவுக்காகப் பேசினேன். மன்னிப்பு அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் அவன் என் கையை அழுத்தியபோது சிரிக்காமல் இருந்தேனே, அது பயத்தால் மட்டும் இல்லை. இதை நான் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

புதன்கிழமை காலை வேலைக்குப் போகாமல் மேட்டில் டவர் கிடைக்கிற இடத்துக்கு ஏறினேன். பதிவை ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் கேட்டு முடிக்கும்வரை பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவரே கூப்பிட்டார். மூக்கடைத்த குரல்.

“தம்பி தம்பிதானுங்க அம்மிணி.”

“அண்ணா, ஏழாவது நிமிசத்துல ஒரு வரி வருதுல்லா. அத எடுத்துருங்க.”

“எதுங்க? அந்த வட்டமுங்களா?” பதறிவிட்டார். “இருக்கறதுலயே அதுதானுங்க நல்ல வரி!”

“தெரியும்.”

“அத எடுத்துப்போட்டா மொட்டையா நிக்குமுங்க. தம்பி இருந்தா ஒத்துக்குவாருங்களா?”

“ஒத்துக்க மாட்டான்.”

“அப்பறம் என்னுங்க?”

“அவன் இல்லைல்லா. நான்தான இருக்கேன்.”

சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் செத்ததற்கு அழுதிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். செத்த பிறகு அவன்மேல் கோபப்பட்டது அன்றுதான். பாறைமேல் உட்கார்ந்து, இருக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டேன், அது வேறு.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கத்தில் அண்ணன் போட்டோ, இதில் கறுப்புக் கண்ணாடி இல்லை. அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அப்பம் போன்ல பேசினது அந்தப் பிள்ளகிட்ட இல்லியா?” என்று கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். எங்கேயோ ஒருத்தி அவனுக்காக அழுதுகொண்டிருப்பாள் என்று நம்பியிருந்தாள்போல.

உப்பு வாங்க மாமா கடைக்குப் போனேன். கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பின்சீட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அண்ணன் சொன்னதை, தன் குரலிலேயே. பெட்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்ன இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா பெருமையாக, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. பேப்பரில் அங்கே ஒன்றுமில்லை, ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்குகிறது. மாமா நிறுத்தினார். விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார்.

“என்ன மாமா, முடிஞ்சிட்டா?” என்றான் ஒருவன்.

“பொறுலே, எச்சி முழுங்க விடு” என்றார். அடுத்த பத்தியை இன்னும் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.